பாதியில் வைத்த பின்னலைத் தடுமாறாமல் எடுக்க: குடும்ப வேலைகளுக்கு நடுவே பின்னுகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஊசியும் நூலுமாக உட்கார்ந்து, முப்பத்தேழு, முப்பத்தெட்டு என்று கண்ணிகளை (ஊசியில் நிற்கும் நூல் வளையங்களை) எண்ணிக்கொண்டிருப்பேன். உள்ளேயிருந்து குரல் வரும்: “அம்மா, என்னோட இன்னொரு சாக்ஸ் எங்கே?” எழுந்து போய்த் தேடிக் கொடுத்துவிட்டுத் திரும்ப இரண்டு நிமிஷம்தான் ஆகியிருக்கும். ஆனால் எந்த வரிசையில் இருந்தேன், அடுத்து நிட்டா பர்லா (பின்னலின் இரண்டு அடிப்படைக் கண்ணி வகைகள்), எத்தனை கண்ணி ஆகியிருந்தது என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம் போய்விடும். அதற்குள் அடுத்த குரல் வந்துவிடும்.

பல வருஷம் இப்படிப் பின்னியதில் எனக்குப் புரிந்தது ஒன்று. குடும்பத்தைக் கவனித்துக்கொண்டு பின்னுகிறவர்களுக்கு நேரம் கிடைக்கத்தான் செய்கிறது. துண்டு துண்டாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் பாதி, “எங்கே விட்டேன்?” என்று தேடுவதிலேயே கரைந்துபோகிறது. அதனால் வேகமாகப் பின்னக் கற்பதைவிட, சட்டென்று கீழே வைக்கவும் எடுத்த கையோடு தொடரவும் கற்றுக்கொள்வது அதிகப் பலன் தரும். இங்கே எழுதியிருப்பது எல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

வேலைக்கு நடுவே பின்னுவது புதிதும் இல்லை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில், அடுப்பெரிக்கும் பீட் என்ற சதுப்பு மண் கட்டிகளைக் கூடையில் முதுகில் சுமந்து நடந்தபடியே பெண்கள் பின்னினார்கள். இடுப்பில் கட்டிய தோல் பெல்ட்டில் துளைகள் இருக்கும். ஊசியின் ஒரு முனையை அதில் செருகிவிட்டால் ஊசியின் பாரத்தைக் கை தாங்க வேண்டியதில்லை. பிரான்ஸின் லாந்த் பகுதியில் மேய்ப்பர்கள் சதுப்பு நிலத்தில் மரக்கால்கள் மேல் நின்றபடி ஆடு மேய்த்துக்கொண்டே பின்னினார்கள். அவர்கள் யாரும் ஓய்வு நேரத்துக்காகக் காத்திருக்கவில்லை. கையில் இருந்த வேலைக்கு ஏற்றபடி கருவியை அமைத்துக்கொண்டார்கள்.

முதல் படி: எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்

அலமாரி, கட்டிலடி, பழைய கைப்பை என்று எங்கெல்லாம் பாதிப் பின்னல் இருக்கிறதோ, அத்தனையையும் எடுத்துக் கட்டில் மேல் பரப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன அட்டை எழுதுங்கள்: என்ன பொருள், யாருக்கு, எந்த அளவு ஊசி, எந்த நூல், எங்கே நிற்கிறது, இன்னும் எவ்வளவு நூல் மிச்சம். இதற்கு ஒரு மாலை நேரம் ஆகும். செலவழிக்கத் தகுந்த மாலை.

பிறகு மூன்றாகப் பிரியுங்கள். இப்போது முடிக்கப்போவது, பிறகு முடிப்பது, பிரித்துவிடுவது. மூன்றாவதில்தான் மனம் தயங்கும். எங்கள் மூத்தவனுக்கு ஆறு மாதத்தில் போட ஒரு ஸ்வெட்டர் ஆரம்பித்தேன். கை இரண்டும் பாக்கி இருக்கும்போதே அவனுக்கு ஒரு வயது. பொதுவான அளவுப் பட்டியல்களில் மூன்று மாதக் குழந்தையின் மார்பளவு ஏறக்குறைய 40 செ.மீ., ஒரு வயதில் 46 செ.மீ. அந்த வளர்ச்சிக்கு முன்னால் துண்டு நேரத்தில் பின்னுகிற யாரும் தோற்றுத்தான் போவார்கள். அதனால் குழந்தை உடுப்பு எதுவானாலும் அடுத்த அளவுக்கே கண்ணி போடுங்கள்.

பிரிக்க முடிவு செய்ததைத் தாமதிக்காமல் பிரித்துவிடுங்கள். நாற்காலியின் முதுகில் நூலைச் சுற்றிச் சிட்டமாக்கி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத் தொங்கவிட்டுக் காயப்போட்டால் சுருட்டை போய், கம்பளி நூல் திரும்பப் பின்னத் தயாராகிவிடும். நூல் வீணாகவில்லை, ஒரு ஊசியும் விடுதலையாகிவிட்டது.

இரண்டாம் படி: கண்ணிக் கணக்கு

ஒரு பொருள் முடிய எவ்வளவு நாளாகும் என்பதை ஊகத்தில் விடாதீர்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் சாதாரணமாகப் பின்னி, கண்ணிகளை எண்ணுங்கள். எனக்கு எளிய பின்னலில் நிமிஷத்துக்கு 20 கண்ணி வருகிறது. அடுத்து, 10 செ.மீ.க்குக் குறையாத சதுரமாக ஒரு மாதிரித் துண்டு பின்னுங்கள். அதை நனைத்துக் காயவைத்த பிறகே அளக்க வேண்டும். பல நூல்கள் நனைந்ததும் அளவு மாறும்.

ஒரு மஃப்ளரைப் பார்ப்போம். மாதிரித் துண்டில் 10 செ.மீ.க்கு 20 கண்ணியும் 26 வரிசையும் வந்தால், 20 செ.மீ. அகலமும் 150 செ.மீ. நீளமும் உள்ள மஃப்ளருக்கு 40 கண்ணி, 390 வரிசை. மொத்தம் 15,600 கண்ணி. நிமிஷத்துக்கு 20 என்றால் 780 நிமிஷம், அதாவது 13 மணி நேரம். தினமும் அரை மணி கிடைத்தால் 26 நாள்.

ஸ்வெட்டருக்கு வாருங்கள். 100 செ.மீ. சுற்றளவுக்கு 200 கண்ணி. 10 செ.மீ.க்கு 28 வரிசை என்று வைத்து அக்குள் வரை 40 செ.மீ. பின்ன 112 சுற்று. 22,400 கண்ணி; 18 மணி 40 நிமிஷம். இன்னும் கை இல்லை, தோள் இல்லை, கழுத்து இல்லை. யாருக்காவது பிறந்த நாளுக்கு ஸ்வெட்டர் தருவதாகச் சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வருகிற நாள் எண்ணிக்கையோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு வாரம் போய்விடும்.

மூன்றாம் படி: ஒரே நேரத்தில் மூன்று, மூன்றும் வெவ்வேறு குணம்

ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்தது என்று இருந்தால், கவனம் கேட்கும் வேலை கையில் இருக்கும் நாளில் இரைச்சலான மாலை முழுவதும் பின்னாமலே போகும். ஆறேழு ஆரம்பித்தால் எதுவும் நகராது. மூன்று போதும் என்பது என் கணிப்பு.

ஒன்று பேச்சுவேலை. பிள்ளைகளோடு பேசிக்கொண்டே, பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே பின்னக்கூடியது. எல்லா வரிசையும் நிட்டாக வரும் கார்ட்டர் பின்னல், அல்லது வட்ட ஊசியில் (வளையும் வடத்தால் இணைத்த இரண்டு ஊசி முனைகள்) சுற்றிச் சுற்றி வரும் வெறும் நிட். வட்ட ஊசியில் பர்ல் வரிசையே கிடையாது, திருப்ப வேண்டியதில்லை, ஊசி தனியாகக் கழன்று சோபாவுக்குள் போகாது. ஸ்வெட்டரின் உடல் பகுதி இதற்கு மிகப் பொருத்தம். பின்னல் ஆசிரியர் எலிசபெத் சிம்மர்மன் (1910–1999) சொல்லிக்கொடுத்த சதவீத முறையை இங்கே பயன்படுத்திப் பாருங்கள். உடலின் கண்ணி எண்ணிக்கையை 100 சதவீதம் என்று வைத்து, மணிக்கட்டுக்கு 20 சதவீதம், கையின் மேல்பகுதிக்கு 33 சதவீதம் என்று கணக்கிட்டுப் போவது. உடல் 200 என்றால் மணிக்கட்டு 40, மேல்கை 66. ஒரே ஒரு எண்ணை நினைவில் வைத்தால் போதும், பேட்டர்ன் தாளைத் தேடி அலைய வேண்டாம்.

இரண்டாவது அமைதிவேலை. லேஸ் (ஓட்டை ஓட்டையாக வரும் பின்னல்), கேபிள் (கயிறு முறுக்கியது போல வரும் பின்னல்), இரண்டு நிறப் பின்னல், கழுத்து வடிவமைப்பு. வீடு அடங்கிய பிறகு மட்டும் எடுக்க வேண்டியது. “கொஞ்சம் பார்ப்போமே” என்று பகலில் எடுத்தால் மறுநாள் பிரிப்பதில்தான் முடியும்.

மூன்றாவது பைவேலை. வெளியே எங்கே காத்திருந்தாலும் எடுக்கக்கூடியது. சாக்ஸ், குல்லா, கையுறை. சாக்ஸுக்குப் பொதுவாக 60, 64 கண்ணி, 2.25 அல்லது 2.5 மி.மீ. ஊசி, மெல்லிய சாக்ஸ் நூல் 100 கிராம் ஏறக்குறைய 400 மீட்டர் ஓடும், ஒரு ஜோடிக்குப் போதும். முதல் சாக்ஸை முடித்த அன்றைக்கே இரண்டாவதற்குக் கண்ணி போட்டுவிடுங்கள். ஒரு வாரம் தள்ளினால் அது ஒற்றைச் சாக்ஸாகவே நின்றுவிடும்.

மூன்றுக்கும் வெவ்வேறு அளவு ஊசி இருக்கட்டும். ஒரே அளவாக இருந்தால் ஒன்றிலிருந்து உருவி இன்னொன்றுக்குப் போடத் தோன்றும்.

நான்காம் படி: ஒவ்வொன்றுக்கும் தனிப் பை

ஜிப் வைத்த பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ வேண்டாம், நூலைப் பிடித்து இழுத்துவிடும். பைக்குள் குரோஷா ஊசி ஒன்று, முனை மழுங்கிய தைக்கும் ஊசி ஒன்று, திறந்து மூடும் மார்க்கர் (அடையாளத்துக்கு மாட்டும் சின்ன வளையம்) ஆறேழு, முனை மழுங்கிய சின்னக் கத்தரி, இன்ச் டேப், பென்சில், முதல் படியில் எழுதிய அட்டை. ஒவ்வொரு பையிலும் தனித்தனியாக ஒரு செட். மூன்று பைக்கும் ஒரே கத்தரி என்றால், கத்தரியைத் தேடுவதே ஒரு வேலையாகிவிடும்.

அட்டையில் ஊசியின் அளவோடு அது மரமா உலோகமா என்பதையும் எழுதுங்கள். உலோக ஊசியில் கண்ணி வழுக்கும், மரத்தில் பிடித்து நிற்கும். பாதியில் மாற்றினால் கண்ணியின் இறுக்கம் மாறி, துணியில் ஒரு கோடு தெரியும். நூல்கண்டின் லேபிளையும் அட்டையோடு குத்திவையுங்கள். அதில் உள்ள சாயத் தொகுதி எண் இல்லாமல் அதே நிறத்தில் இன்னொரு கண்டு வாங்கினால் சாயல் வேறாக வரக்கூடும். அப்படி நேர்ந்துவிட்டால் பழையதும் புதியதுமாக இரண்டிரண்டு வரிசை மாற்றி மாற்றிப் பின்னுங்கள், வித்தியாசம் கலந்துவிடும்.

ஐந்தாம் படி: கீழே வைக்கும் முறை

இதுதான் மொத்த விஷயத்தின் இதயம்.

யாராவது கூப்பிட்டால் வரிசையை முடித்துவிட்டு எழுந்திருக்கப் பாருங்கள். 40 கண்ணி வரிசை என்றால் இரண்டு நிமிஷம். “இந்த வரிசை முடிச்சுட்டு வரேன்” என்று சொன்னால் பிள்ளைகள் காத்திருக்கப் பழகிவிடுவார்கள். 200 கண்ணி என்றால் பத்து நிமிஷம், யாரும் காத்திருக்க மாட்டார்கள், காத்திருக்கவும் கூடாது. அதனால்தான் பேச்சுவேலைக்குக் குறுகலான பொருளோ வட்டப் பின்னலோ வேண்டும் என்கிறேன். வட்டத்தில் நடுவில் நிறுத்தினாலும் குழப்பமில்லை.

உடனே எழுந்திருக்க வேண்டிய நிலைமை என்றால், கண்ணிகளை ஊசி முனையிலிருந்து உள்ளே தள்ளி, முனைகளில் ரப்பர் அடைப்பானோ, கார்க் துண்டோ மாட்டுங்கள். மூன்று நொடி வேலை.

திரும்பி வந்ததும் எந்தப் பக்கமாகப் பின்ன வேண்டும் என்று தெரியவில்லையா? நூல்கண்டிலிருந்து வரும் நூல் எந்தக் கண்ணியிலிருந்து தொங்குகிறது என்று பாருங்கள். அதுதான் கடைசியாகப் பின்னிய கண்ணி. வலக்கைக்காரர்களுக்கு அது வலது ஊசியில் இருக்க வேண்டும். இதைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் ஆரம்பித்தால் நடுவில் ஒரு ஓட்டை விழும்.

துணியைப் படிக்கப் பழகுங்கள். எண்ணிக்கை மறந்தாலும் துணி மறக்காது. ஊசிக்குக் கீழே ‘வி’ எழுத்துப் போலத் தெரிந்தால் அது நிட் முகம். கிடைமட்டமாகச் சின்ன மேடு தெரிந்தால் பர்ல் முகம். கார்ட்டர் பின்னலில் ஒரு வரப்புக்கு இரண்டு வரிசை, ஆகவே வரப்பை எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும். பத்து வரிசைக்கு ஒரு முறை துணியிலேயே ஒரு மார்க்கர் மாட்டிவிட்டால், அதற்கு மேல் உள்ளதை மட்டும் எண்ணலாம். அகலமான பின்னலில் 20 கண்ணிக்கு ஒரு மார்க்கர் போடுங்கள். எண்ணிக்கை தவறினால் 20 கண்ணிதான் நஷ்டம், 200 இல்லை.

பேட்டர்ன் கட்டப்படம் வைத்துப் பின்னுகிறவர்களுக்கு ஒன்று. கட்டப்படத்தைக் கீழிருந்து மேலாகப் படிக்கிறோம். ஒட்டுத்தாளை இப்போது பின்னும் வரிசைக்கு மேலே ஒட்டுங்கள். அப்போது பின்னி முடித்த வரிசைகள் கண்ணில் இருக்கும், கையில் உள்ள துணியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, பையை மூடுமுன் அட்டையில் ஒரு வரி எழுதுங்கள். செய்து முடித்ததை எழுதுவதைவிட அடுத்து செய்ய வேண்டியதை எழுதுவது மேல். என் அட்டையில் இப்போது இருக்கிற வரி இது: “அடுத்தது 47-ஆம் வரிசை, நிட் முகம், இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கண்ணி குறைக்கணும்.” மூன்று வாரம் கழித்து எடுத்தாலும் யோசிக்க வேண்டியதில்லை.

ஆறாம் படி: உயிர்க்கயிறு

சின்னவளுக்கு இரண்டு வயதிருக்கும்போது, லேஸ் சால்வை ஒன்றை மேஜை மேல் வைத்துவிட்டு வாசல் மணிக்குப் போனேன். வந்து பார்த்தால் ஊசி அவள் கையில், சால்வை தரையில். கண்ணிகள் ஒவ்வொன்றாகக் கீழே ஓடிக்கொண்டிருந்தன. லேஸில் நூலைச் சுற்றிப் போட்ட ஓட்டைகளும் சேர்ந்து அவிழ்வதால், ஓடிய கண்ணியைத் திரும்பப் பிடிப்பது மிகக் கடினம். மூன்று வாரத்து இரவுகள் போனதென்று உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து உயிர்க்கயிறு போடாமல் நான் லேஸ் பின்னுவதில்லை.

முறை எளிது. வேறு நிறத்தில், மெல்லிய, வழவழப்பான பருத்தி நூலை மழுங்கிய ஊசியில் கோருங்கள். பின்னல் ஊசியில் இருக்கும் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் அதை நுழைத்து எடுங்கள். மார்க்கருக்குள் மட்டும் நுழைக்கக் கூடாது, மாட்டிக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒரு சாண் நூல் தொங்கட்டும். பிறகு எப்போதும் போலப் பின்னிப் போகலாம். எது நடந்தாலும் அந்தக் கயிறு வரை பிரித்து, கயிற்றின் வழியே ஊசியைத் திரும்ப ஏற்றிவிடலாம். வெறும் பர்ல் வரிசை முடிந்ததும் போடுவது நல்லது; ஊசி ஏற்றும்போது கண்ணிகள் தெளிவாக இருக்கும். எந்த வரிசையில் போட்டீர்கள் என்று அட்டையில் குறியுங்கள். எட்டுப் பத்து வரிசைக்கு ஒன்று போதும். அடுத்தது போடும்வரை பழையதை உருவ வேண்டாம்.

முனை கழற்றி மாட்டும் வட்ட ஊசி வைத்திருந்தால், முனை சேரும் இடத்தில் சின்னத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். அதில் இந்த நூலைக் கோத்துவிட்டுப் பின்னினால் உயிர்க்கயிறு தானாகவே கண்ணிகளுக்குள் போய்விடும்.

எளிய பின்னலில் ஒரே ஒரு கண்ணி நழுவினால் பதற வேண்டாம். ஏணிப் படிகள் போலக் குறுக்கே நிற்கும் நூல்களை, கீழிருந்து ஒவ்வொன்றாகக் குரோஷா ஊசியால் கண்ணிக்குள் இழுத்து மேலே கொண்டுவந்துவிடலாம்.

ஏழாம் படி: வீட்டில் உள்ளவர்களோடு

கூரான ஊசி, கத்தரி, நீளமாகத் தொங்கும் நூல் மூன்றும் சின்னக் குழந்தைகளுக்கு ஆபத்து. எழுந்திருக்கும்போது பை ஜிப்போடு உயரமான இடத்துக்குப் போக வேண்டும். இதில் விதிவிலக்கு வைக்காதீர்கள். குழந்தைக்குப் பின்னும் உடுப்பிலும் கழுத்துப் பக்கம் நாடா வேண்டாம். பட்டனை இழுத்துப் பார்த்து, அசையாதபடி தைத்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்குத் தடித்த நூல் ஒரு உருண்டை கொடுத்து விரலிலேயே பின்னக் கற்றுக்கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து அதுவும் பின்னும்போது, நம் நூலை இழுக்க அதற்கு அவசியம் இல்லாமல் போகிறது. எங்கள் வீட்டில் அந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்துக் கதைகள் எல்லாம் வெளியே வரும். சிட்டத்தை உருண்டையாக்கும்போது இரண்டு கையையும் நீட்டிப் பிடித்துக்கொள்ளும் வேலைக்குப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். நூல் சிக்காது, பேச்சும் நடக்கும்.

“எனக்கும் ஒண்ணு பின்னித் தாயேன்” என்று கேட்கிறவர்களிடம் இரண்டாம் படிக் கணக்கைச் சொல்லுங்கள். “அது நாற்பது மணி நேர வேலை அக்கா, இந்த வருஷம் முடியாது” என்று அன்பாகச் சொல்லிவிட்டால் இருவருக்கும் நிம்மதி.

எட்டாம் படி: கையும் கண்ணும்

ஒரே மூச்சில் அரை மணிக்கு மேல் வேண்டாம். மணிக்கட்டைச் சுழற்றி, தோளைத் தளர்த்திவிட்டுத் தொடருங்கள். வலி வந்த கையோடு பிடிவாதமாகப் பின்னினால் அப்புறம் வாரக்கணக்கில் ஊசியைத் தொட முடியாது. கறுப்பு, கருநீல நூலைப் பகலுக்கு ஒதுக்குங்கள். இரவில் பின்னியே ஆக வேண்டும் என்றால் மடியில் வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள், கண்ணிகள் எடுப்பாகத் தெரியும்.

ஒன்பதாம் படி: மாதக்கணக்கில் விட நேர்ந்தால்

பரீட்சைக் காலம், உடல்நலக் குறைவு, வீடு மாற்றம். பின்னலை எடுக்கவே முடியாத காலம் எல்லோருக்கும் வரும். அப்போது கண்ணிகளை ஊசியில் விடாமல், ஒரு மிச்ச நூலுக்கு மாற்றி இரண்டு முனையையும் கட்டிவிடுங்கள். நாள்பட ஊசியில் நின்றால் அந்த வரிசை இழுபட்டுத் தெரியும், ஊசியும் சிறைப்பட்டிருக்கும். கம்பளி நூலாக இருந்தால் சுத்தமான, மூடிய பையில் வையுங்கள். அந்துப்பூச்சியின் புழு கம்பளியைத் தின்னும், வியர்வையும் கறையும் பட்டதை இன்னும் விரும்பித் தின்னும்.

திரும்ப எடுக்கும்போது நேராகப் பின்னலில் கை வைக்காதீர்கள். அதே நூலில், அதே ஊசியில் ஒரு சின்னத் துண்டு பின்னிப் பழையதோடு ஒப்பிடுங்கள். இடைவெளிக்குப் பிறகு கை இறுகியோ தளர்ந்தோ போயிருக்கும். இறுகியிருந்தால் சற்றே பெரிய ஊசி, தளர்ந்திருந்தால் சற்றே சிறிய ஊசி.

பத்தாம் படி: முடிப்பது

பின்னி முடித்த பிறகும் நூல் முனைகளைச் செருகாமல் பல பொருள்கள் மாதக்கணக்கில் கிடக்கின்றன. புதுக் கண்டு சேர்த்த அன்றே அந்த முனையைச் செருகிவிடுங்கள். இது எந்த இரைச்சலிலும் செய்யக்கூடிய வேலை.

பிறகு நனைத்து வடிவம் கொடுப்பது. வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறட்டும். தூக்கும்போது பாரத்தில் இழுபடாமல் அடியில் கை கொடுத்து எடுங்கள். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தினால் தண்ணீர் வந்துவிடும். சமதளத்தில் பரப்பி, அளந்து, ஊக்கு குத்திக் காயவிடுங்கள். ஒரு நாள், சில நேரம் இரண்டு நாள், யாரும் மிதிக்காத இடம் வேண்டும். நான் பிள்ளைகளின் பழைய நுரை விரிப்புத் துண்டுகள் மேல் பரப்பி, அப்படியே கட்டிலுக்கடியில் தள்ளிவிடுகிறேன். காற்றுக்குக் கட்டிலின் இரண்டு பக்கமும் திறந்தே இருக்கிறது. காய்ந்ததும் இழுத்து எடுத்து, ஊக்குகளை எண்ணி டப்பாவில் போட்டு மூடிவிட்டு, முதல் படியில் “பிறகு” என்று ஒதுக்கிய குவியலிலிருந்து அடுத்த அட்டையை எடுக்கிறேன்.